செங்கம்மா வீட்டு வாசல்

செங்கம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாகக் கட்டும் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு முழங்கால் உயரத்துக்குக் கல் எழும்பியிருந்தால் போதும், அதைத் தாண்டி உள்ளே கால் வைக்கமாட்டாள். தலையில் மண்கூடை இருந்தாலும், உச்சி வெயிலாக இருந்தாலும், சுற்றிக்கொண்டு போய்க் கதவு வரப்போகிற இடைவெளியைக் கண்டுபிடித்து அதன் வழியாகத்தான் போவாள். கொத்தனார்கள் சிரிப்பார்கள். "இன்னா செங்கம்மா, சுவரே இல்லாத வூட்டுக்கு வாசல் ஒரு கேடா?" என்பார்கள். "வூடுன்னு ஆயிட்டா வாசல்லதான போவணும்? நான் இன்னா ஆடா மாடா, தாண்டிக் குதிக்கறதுக்கு?" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

இந்தப் பிடிவாதம் அவளோடு பிறந்ததில்லை. முப்பத்திரண்டாம் வயதில், ஓட்டுமேட்டில் வந்து சேர்ந்தது.

ஓட்டுமேடு என்பது நாகலாபுரத்துக்குத் தெற்கே, வேப்பங்கண்டிகை என்ற சின்ன ஊரின் ஓரத்தில் கிடக்கும் மண்மேடு. ஏர் ஓட்டினால் பானை ஓடாக வரும் என்பதால் அந்தப் பேர். கேழ்வரகுகூட அங்கே முகம் சுளித்துக்கொண்டுதான் முளைக்கும். அதனால் அந்த மேட்டுக்காக யாரும் சண்டை போட்டதில்லை. ஊருக்காகத்தான் அந்த நாளில் சண்டை. ஆந்திர ராஜ்யம் பிரிந்து மூன்று வருஷம் கடந்தும் எல்லையோரத்துக் கிராமங்கள் எந்தப் பக்கம் என்று முடிவாகவில்லை. ஒரு கூட்டம் மெட்ராஸ் என்றது, இன்னொரு கூட்டம் ஆந்திரா என்றது. காலையில் தமிழில் திட்டிக்கொண்டவர்கள் சாயங்காலம் தெலுங்கில் ராசியானார்கள். வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை. செங்கம்மாவிடம் இருந்தது ஒரு குடிசையும் ஒரு கூடையும். அவை எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் கூடவே போகும்.

அவளுக்கும் அவள் புருஷன் கங்கையாவுக்கும் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. கங்கையா மண் வெட்டுவான், வாய் ஓயாமல் பேசுவான். எதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மற்றது நன்றாக நடக்கும் என்று கேட்டால் ஊரே ஒரே பதிலைச் சொல்லும். செங்கம்மா விடிவதற்குள் லட்சுமம்மா வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டி, வாசலுக்குச் சாணம் தெளித்து, களத்தை மெழுகிவிட்டு, பிறகு கூலி வேலைக்குப் போவாள்.

லட்சுமம்மா ஊரிலேயே பெரிய விவசாயக் குடும்பத்து மருமகள். செங்கம்மாவைவிட நாலைந்து வயது மூத்தவள். கெட்டவள் இல்லை. பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பாள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் மிளகு ரசம் வைத்துக் கொடுப்பாள். ஆனால் புடவையோ ரசமோ, எல்லாம் கொல்லைக் கதவுக்கு வெளியே வைத்துத்தான். பதினாலு வருஷமாக அந்த வீட்டு வாசலை மெழுகிய செங்கம்மா, அதன் உள்தரை மண்ணா, காரையா, கல்லா என்று பார்த்தவள் இல்லை. கோபம் வரவேண்டிய விஷயம்தான். அந்த ஊரில் அப்போது கோபம் வந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷம், 1957, தை பிறந்த கையோடு திருப்பதியிலிருந்து இரண்டு கூடாரங்களும், ஒரு வண்டி நிறையக் கயிறும் முளைக்குச்சியும் கூடையும் ஓட்டுமேட்டில் வந்து இறங்கின. கூடவே ஆதிநாராயணன் வந்து இறங்கினார். நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, இருபத்தாறு வயது, அகழாய்வு ஆபீசில் உத்தியோகம். அவர் தனியாக நின்று நடத்தும் முதல் தோண்டல் அது. அதனால் ராத்திரி தூங்காமல், பகலில் சாப்பிடாமல், ஏற்கனவே ஒல்லியான மனிதர் முளைக்குச்சியைப் போல ஆகிக்கொண்டிருந்தார்.

முந்தின மழைக்காலத்தில் ஓடைக்கரை இடிந்து, ஒரு மண்டை ஓடும் அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கலயமும் வெளியே வந்திருந்தன. அதைக் கேள்விப்பட்டுத்தான் ஆபீஸ் இவரை அனுப்பியது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின ஊர் ஒன்று மேட்டுக்குள் இருக்கிறது, அந்த ஊர்க்காரர்களைப் புதைத்த இடமும் அங்கேயே இருக்கவேண்டும், அதைக் கண்டுபிடி என்பது உத்தரவு. வீடு வாசல் எல்லாம் வேறு இடங்களில் கிடைத்துவிட்டன. அந்தக் காலத்தில் சாதாரண ஜனங்களை எப்படி அடக்கம் செய்தார்கள் என்பதுதான் ஆபீசுக்கு வேண்டியிருந்தது.

ஆதிநாராயணன் ஓடைப் பக்கமாக ஒன்பது குழி போட்டார். ஒன்பதிலும் ஓடு வந்தது, கரி வந்தது, ஒரு எலும்பு வந்தது. அது ஆட்டெலும்பு என்று கங்கையா எட்டிப் பார்த்தே சொல்லிவிட்டான். பத்தாவது குழியை மேட்டின் நடுவில் போட்டார்கள். இடுப்பளவு ஆழத்தில் செங்கல் வரிசை ஒன்று தட்டுப்பட்டது. அதைத் தொடர்ந்து போனால் ஒரு மூலை, பிறகு இன்னொரு வரிசை. ஆதிநாராயணன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கால்வாயா, தொட்டியா, என்ன என்று தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

மண் சுமக்க வந்த செங்கம்மா கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"வூடு சார் இது" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"தோ பாருங்க, வாசல். இந்த ரெண்டு கல்லுக்கு நடுவுல எடம் வுட்டுக்கீது. இந்தக் கல்லுல குழி கீது பாருங்க, இதுலதான் கதவு குடுமி சுத்திக்கினு இருந்திருக்கும். அத்தாண்ட அடுப்பு. கரி அங்கதான கீது?"

அவள் குனிந்து கல்லில் இருந்த வட்டக் குழிக்குள் விரலை விட்டுக் காட்டினாள். கதவு சுழன்று சுழன்று வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. ஆதிநாராயணனும் வீடு என்றுதான் சந்தேகப்பட்டிருந்தார். ஆனால் அதை நோட்டில் எழுதுவதற்கு இன்னும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டிருப்பார். அன்றே எழுதினார்.

அன்றைக்கே செங்கம்மாவின் கையில் கூடைக்குப் பதிலாகத் துடைப்பத்தையும் மண் சுரண்டும் சின்னக் கரணையையும் கொடுத்து, தரையைக் கூட்டிச் சுத்தம் செய்யும் வேலைக்கு உள்ளே இறக்கினார். இரண்டு அறை, கெட்டித்த களிமண் தரை, ஒரு மூலையில் உடைந்த அம்மிக்கல். சுவர் என்று இருந்தது இரண்டு வரிசைச் செங்கல்தான். கூரை என்றால் ஆகாயம். ஆனால் செங்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கள் பக்கத்துக் குடிசைகளைத் தவிர, அவள் வாசல் தாண்டி உள்ளே போய் நின்ற முதல் வீடு அது. போ என்று சொல்ல யாரும் இல்லை. வீட்டுக்காரர்கள் போய் ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது.

நாலே நாளில் அவளே வீட்டுக்காரியாகிவிட்டாள். யாரையும் செங்கல் வரிசையைத் தாண்டவிடமாட்டாள். "சுவத்து மேல ஏறி வராதய்யா, வாசல் கீதுல்ல" என்று புருஷனை விரட்டினாள். ஒரு தடவை ஆதிநாராயணனே நினைவில்லாமல் காலைத் தூக்க, "சார்!" என்று ஒரு அதட்டல் வந்தது. அவர் காலை இறக்கி, சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தார். செங்கல் மிதிபடாமல் இருந்ததில் அவருக்கும் லாபம்தான். மத்தியானச் சோற்று நேரத்தில் மற்றவர்கள் புளியமரத்து நிழலுக்குப் போவார்கள். செங்கம்மா மட்டும் வெயிலில் அந்த அடுப்போரமாகச் சற்று உட்கார்ந்துவிட்டு வருவாள்.

"அங்க இன்னாமே பண்றே, வேகறதுக்கா?" என்று கங்கையா கேட்டான்.

"சும்மா ஒக்காந்துக்கினு கீறேன். வூட்ல ஒக்கார்றதுக்குக் காரணம் வேணுமா?"

இப்படி ஐந்து வாரம் போனது. புதைத்த இடம் மட்டும் கிடைக்கவே இல்லை. ஆறாவது வாரம் புதன்கிழமை, பாகாலா வழியாகச் சுற்றி ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்த ஆதிநாராயணன் மண்மேட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று வேலை முடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நாளைக்குக் காலைல முனிரத்தினம் சார் வர்றார், எனக்கு மேலதிகாரி. இந்த ஊரே மெட்ராஸ் பக்கம் போயிடும்னு பேச்சு இருக்கு, அங்க எதுக்கு இவ்வளவு நாள் தோண்டறேன்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. சமாதிக் குழி ஒண்ணுகூடக் கிடைக்கலேன்னா சனிக்கிழமையோட மூடிட வேண்டியதுதான்."

"மூடறதுன்னா?" என்றாள் செங்கம்மா.

"தோண்டின குழி எல்லாத்தையும் மண்ணைப் போட்டு மூடிட்டுப் போறதும்மா. திறந்து போட்டா மழைல கரைஞ்சிடும்."

"வூட்டையுமா?"

"வீட்டையும்தான்."

செங்கம்மா அன்று ராத்திரி கூழ் குடிக்கவில்லை. கூலி போவதைப் பற்றிக் கங்கையா புலம்பித் தீர்த்தான். அவளுக்குக் கூலி ஒரு பொருட்டாகப் படவில்லை. நாற்று நடவு இருக்கிறது, களையெடுப்பு இருக்கிறது. அந்த அடுப்பின்மேலும், அந்த வாசலின்மேலும், அவள் கூட்டிக் கூட்டி வழித்த தரையின்மேலும் கூடை கூடையாக மண் விழப்போகிறதே என்பதுதான் பொறுக்கவில்லை. அதுவும் அந்த மண்ணைச் சுமந்து கொட்டப்போகிறவளும் அவளேதான்.

நாளைக்கு வருகிறவர் மனது வைத்தால் வீடு பிழைக்கும். அவ்வளவுதான் அவளுக்கு விளங்கியது. பெரிய மனிதர் வீட்டுக்கு வருகிறார் என்றால் என்ன செய்யவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த ஒன்று. பதினாலு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை விடியற்கருக்கலில் லட்சுமம்மா வீட்டுக் கொட்டகை வேலையை முடித்த கையோடு ஒரு கூடை பச்சைச் சாணத்தை எடுத்துக்கொண்டு ஓட்டுமேட்டுக்கு நடந்தாள். கங்கையா கொட்டாவி விட்டபடி ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். ஆறு வாரம் வெயில் குடித்த தரை. ஊற்றினதை எல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. செங்கம்மா சாணத்தைக் கரைத்து, உள்ளறை மூலையில் தொடங்கி, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, ஒரு அங்குலம் விடாமல் மெழுகிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். வாசல் கல்லுக்கு வெளியே ஐந்து புள்ளி வைத்துக் கோலமும் போட்டாள். பிறகு இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். அவ்வளவு அழகான வீட்டை நாகலாபுரம் முழுக்கத் தேடினாலும் பார்க்கமுடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

ஆதிநாராயணன் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கூடாரத்திலிருந்து வந்தார். குழியோரம் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாரு... யாரு பண்ணது இது?"

"நான்தான் சார்" என்றாள் செங்கம்மா, பாராட்டை எதிர்பார்த்து.

"ஐயோ செங்கம்மா! அளந்து, வரைஞ்சு, போட்டோ எடுக்க வேண்டிய தரை! ஆயிரம் வருஷத்துத் தரை! அதுமேல சாணியைப் பூசி வச்சிருக்கியே!"

"ஆயிரம் வருஷமா மெழுகாத தரை சார். மனுஷங்க வர்ற நேரத்துல அப்படியேவா வுடறது?"

"போம்மா. தயவு பண்ணிப் போயிடு. இனிமே வேலைக்கு வரவேணாம்" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அழுதுவிடுவார் போல இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன் சார்" என்றான் கங்கையா. தண்ணீர்க் குடம் அவன் தோளிலேயே இருந்தது.

செங்கம்மாவின் முகம் சுண்டிப்போனது. வீட்டைக் காப்பாற்ற வந்து வீட்டையே கெடுத்துவிட்டோமா என்று பயந்தாள். ஆனால் போகவில்லை. குழிக்கு வெளியே மண்மேட்டில் ஏறி, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கழுவிவிடலாம் என்றால் தரையே கரைந்துவிடும். சுரண்டலாம் என்றால் நேரமில்லை. அதற்குள் சித்தூரிலிருந்து வந்த ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஏறிவிட்டது.

முனிரத்தினம் கனத்த உடம்பு, கனத்த மீசை, தலையில் வெயில் தொப்பி. இறங்கியதும் நேராகக் குழிக்கு வந்தார், இறங்கினார், செங்கல் வரிசையைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"சார்! வாசல் அந்தாண்ட கீது!" என்று மண்மேட்டிலிருந்து ஒரு சத்தம்.

ஆதிநாராயணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முனிரத்தினம் தூக்கிய காலோடு நின்று திரும்பிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, காலை இறக்கி, கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி, வாசல் வழியாக உள்ளே வந்தார். சுற்றிலும் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"ஏமிட்டி இதி, ஆதிநாராயணா?"

"சார்... அது வந்து சார்... கூலியாட்கள் தெரியாம..."

"எவரு சேசாரு?" யார் செய்தது என்று தெலுங்கிலேயே கேட்டார்.

"நேனே சார்" என்றாள் செங்கம்மா மேலிருந்து. தெலுங்கில் கேட்டால் தெலுங்கில்தானே பதில் சொல்லவேண்டும். ஆனால் அவள் கண் அவர்மேல் இல்லை, தரைமேல் இருந்தது. வெயில் ஏறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மெழுகின தரை மளமளவென்று காய்ந்து வெளுத்துக்கொண்டு வந்தது. வாசலறை முழுக்கக் காய்ந்துவிட்டது. உள்ளறையும் முக்கால்வாசி காய்ந்துவிட்டது. நடுவில் மட்டும் ஆள் நீளத்துக்கு இரண்டு இடம் பக்கம் பக்கமாகக் கறுத்து ஈரமாகவே கிடந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் முறம் அகலத்துக்குச் சின்னதாக இன்னொன்று.

"சார், அங்க காயல பாருங்க" என்றாள்.

"செங்கம்மா, சும்மா இரு!" என்றார் ஆதிநாராயணன்.

"இல்ல சார். ஒரே கையாலதான் மெழுகினேன், ஒரே தண்ணிதான் ஊத்துனேன். அங்க மட்டும் காயல. எங்க வூட்ல உரல் பொதைச்சிருந்த குழிய மண்ணப் போட்டு மூடிட்டோம். எத்தினி வாட்டி மெழுகினாலும் அந்த எடம்தான் கடைசியா காயும். தோண்டி மூடுன மண்ணு தண்ணிய வுடாது சார், புடிச்சு வச்சிக்கும். இங்க யாரோ தோண்டி மூடிக்கீறாங்க."

முனிரத்தினம் தொப்பியைக் கழற்றினார். அந்த உடம்போடு முழங்காலை மடக்கி மெதுவாகக் குந்தினார். காய்ந்த இடத்தில் ஒரு விரலையும் ஈரமான இடத்தில் ஒரு விரலையும் வைத்துப் பார்த்தார். குழியைச் சுற்றி நின்ற இருபது பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கங்கையாகூடப் பேசவில்லை.

"ஆதிநாராயணா" என்றார் கடைசியில், தமிழிலேயே. "கரணையைக் குடு. ஈரம் காய்றதுக்குள்ள ஓரத்தைக் கீறு. சீக்கிரம்!"

இத்தனை நாளும் காய்ந்த தரையில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதே களிமண்ணை அள்ளி அதே குழியில் போட்டு மூடியிருந்தார்கள். வெயிலில் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டிருந்தது. ஆதிநாராயணன் ஆறு வாரமாக அதன்மேல்தான் நின்றுகொண்டு ஓடைப் பக்கம் தேடியிருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு முதல் குழியில் முழங்கை ஆழத்தில் ஒரு சின்னக் கலயத்தின் விளிம்பு தெரிந்தது. பிறகு அதன் பக்கத்தில், தெற்கே தலைவைத்துப் படுத்திருந்த ஒரு மனிதரின் நெற்றி. ஆதிநாராயணன் எழுந்து நின்று, யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல், பக்கத்தில் இருந்த கங்கையாவைக் கட்டிக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன் சார்" என்றான் கங்கையா.

சனிக்கிழமை மூடுகிற பேச்சு அங்கேயே செத்தது. பங்குனி முடிகிற வரை தோண்டலாம் என்று முனிரத்தினம் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். "செத்தவங்க எந்த ஸ்டேட்டு சார், ஆந்திராவா மெட்ராஸா?" என்று கங்கையா கேட்டதற்கு, "அவங்க இருந்தப்ப ரெண்டுமே இல்லைய்யா, கொடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். போகும்போது அவரும் வாசல் வழியாகத்தான் வெளியே வந்தார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் செங்கம்மா மட்டும் அடுப்பு மூலையில் உம்மென்று நின்றாள். வீடு பிழைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள்ளேயே பிணம் புதைத்திருக்கிறார்களே, எந்த வீட்டில் இப்படிச் செய்வார்கள்?

ஆதிநாராயணன் அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். கூரை விழுந்து, சுவர் சாய்ந்து, மேடாகக் கிடந்திருக்கிறது. பிறகு வந்த ஜனங்கள் அது வீடு என்று தெரியாமலே குழி எடுத்திருக்கிறார்கள்.

"அப்ப இவங்களுக்கு எடம் கிடைக்காமத்தான் இங்க வந்து பொதைச்சாங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம்மா. தெரியாது."

செங்கம்மாவின் கோபம் போய்விட்டது. இடம் கிடைக்காதவர்கள் தன் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்றால் அவர்களை என்ன சொல்ல? பால் தெளிக்காமல் எலும்பைத் தொடக்கூடாது என்று மட்டும் கறாராகச் சொன்னாள். அந்தக் காலத்தில் தெளித்திருப்பார்கள் என்று ஆதிநாராயணன் வாதாடிப் பார்த்தார். "தெளிச்சத நீங்க பாத்தீங்களா?" என்றாள். அவர் ஒத்துக்கொண்டார். அவளை வேலையை விட்டுப் போகச் சொன்னதை இரண்டு பேருமே மறந்துபோயிருந்தார்கள்.

லட்சுமம்மா வீட்டுக் கொல்லையில் போய் நின்று ஒரு ஆழாக்குப் பால் கேட்டாள்.

"யாருக்குடி பால்?" என்றாள் லட்சுமம்மா.

"எங்க வூட்ல ஒரு சாவும்மா."

"ஐயையோ! யாரு? எப்ப?"

"தொள்ளாயிரம் வருசம் ஆச்சாம்மா. சார் சொன்னாரு."

லட்சுமம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, மறுபேச்சுப் பேசாமல் பாலைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்தாள். வெள்ளிக்கிழமை மறுபடியும் போனாள் செங்கம்மா. இரண்டாவது குழியில் இருந்தது ஒரு பெண்பிள்ளை. கையில் சங்கு வளையல் இருந்தது. "நாளைக்கும் வேணும்மா. மூணாவது குழி சின்னது. கொழந்தைன்னு நெனைக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு செங்கம்மா இருபத்தெட்டு வருஷம் அந்த ஆபீசின் தோண்டல் வேலைக்குப் போனாள். ராமகுப்பம் பக்கம்வரைக்கும் கூட்டிப் போயிருக்கிறார்கள். குழியை வெட்டி முடித்ததும் அவளைக் கூப்பிட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். எந்த இடம் கடைசியாகக் காய்கிறது என்று கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்; சாணம் மட்டும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்கள். ஊர் ஆந்திராவுக்கு என்று முடிவான வருஷம் ஓட்டுமேட்டு அறிக்கை புத்தகமாக அச்சாகி வந்தது. தரையை ஈரப்படுத்திச் சமாதிக் குழிகள் கண்டறியப்பட்டன என்று அதில் ஒரு வரி இருந்தது. யார் ஈரப்படுத்தியது என்று இல்லை. ஆதிநாராயணன் வெட்கப்பட்டுக்கொண்டே புத்தகத்தை அவளிடம் காட்டினார். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. போட்டோவின் ஓரத்தில், வாசலுக்கு வெளியே, பாதி அழிந்த ஐந்து புள்ளிக் கோலம் விழுந்திருந்தது. "என் கோலம்!" என்று கத்தி, கங்கையாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு வாரம் ஊர் முழுக்க அந்தப் புத்தகம் சுற்றியது.

ஆனால் அவளைக் கேட்டால் போட்டோவைப் பற்றியோ இருபத்தெட்டு வருஷத்தைப் பற்றியோ பேசமாட்டாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் சொல்வாள்.

சனிக்கிழமை அவள் பால் கேட்கப் போகவில்லை. போவதற்குள் லட்சுமம்மாவே மூடிபோட்ட பித்தளைச் செம்போடு மேட்டின்மேல் ஏறி வந்துகொண்டிருந்தாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள், மூச்சு வாங்கியது. கூலியாட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். குழியோரம் வந்து உள்ளே பார்த்தாள்.

"கொழந்தைன்னு சொன்னியேடி, அதான் நானே எடுத்துக்கினு வந்தேன்" என்றாள். பிறகு, "இதா உன் வூடு?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

வெட்டிய மண்படியில் இறங்கி வந்து, செங்கல் வரிசையைத் தாண்டுவதற்குப் புடவையைக் கொஞ்சம் தூக்கினாள் லட்சுமம்மா. செங்கம்மாவின் வாயில் எப்போதும் வரும் வார்த்தை வந்துவிட்டது. யாரிடம் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"அம்மா, வாசல் வழியா வாங்க."

லட்சுமம்மா புடவையை விட்டாள். சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வந்தவள் உள்ளே வரவில்லை. கோலத்துக்கு இந்தப் பக்கம், இரண்டு கல்லுக்கும் முன்னால், செம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். சுவரில்லை, கதவில்லை, ஒரு எட்டு வைத்தால் உள்ளே வந்துவிடலாம். ஆனாலும் வீட்டுக்காரி சொல்லட்டும் என்று வெளியே நின்றாள். மண்வெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று செங்கம்மாவுக்குத் தெரியும். பதினாலு வருஷம் தெரியும். அப்போது வந்தது அழுகையா, சிரிப்பா என்று அவளால் பிற்பாடும் சொல்லமுடியவில்லை. ஆனால் விருந்தாளியை ஒரு நிமிஷம்கூடக் காக்கவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"உள்ள வாங்கம்மா" என்றாள். "இன்னாத்துக்கு வெளிய நின்னுக்கினு?"

லட்சுமம்மா செருப்பைக் கோலத்தோரம் கழற்றிவிட்டு, வலதுகாலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள். தரையைப் பார்த்தாள், அம்மிக்கல்லைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். "நல்லாத்தான் வச்சிருக்கே" என்றாள். "எங்க ஒக்காரட்டும்?"

செங்கம்மா அடுப்போரம் ஓடிப் போய்க் கோணிச்சாக்கை உதறி விரித்தாள். லட்சுமம்மா அதில் உட்கார்ந்தாள். குழந்தைக்குப் பால் தெளிக்க இன்னும் நேரம் இருந்தது. ஆதிநாராயணன் கரணையால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் இந்த வீட்டில் நெல் எங்கே கொட்டி வைத்திருப்பார்கள், மழை பெய்தால் எந்தப் பக்கம் ஒழுகியிருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். செங்கம்மா வாசலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். வேறு யாராவது வந்தால் எழுந்து போய்க் கூப்பிடவேண்டுமே.